தண்ணீரை மட்டும் சின்னதாக்க முடியாது!

தோட்டத்தில் ரயில் விடுவது என்று ஒரு பொழுதுபோக்கு இருக்கிறது. பூங்காக்களில் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு சுற்றுமே, அந்த ரயில் இல்லை. ஒரு சாண் உயரம்கூட இல்லாத பொம்மை ரயில். வீட்டுத் தோட்டத்தில் மண்ணைக் குவித்து மலை செய்து, அதைக் குடைந்து குகை செய்து, மேலிருந்து தண்ணீர் விழுகிற மாதிரி அருவி செய்து, அருவிக்குக் குறுக்கே பாலம் போட்டு, அதன்மேல் அந்த ரயிலை ஓட்டுவார்கள். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இதற்கென்றே ஒரு பெரிய கூட்டம் இருக்கிறது. வயசான தாத்தாக்கள்தான் அதிகம் :)

"காசு கொழுத்தவன் வேலை, இதில் நமக்கென்ன?" என்று கேட்பீர்கள். நானும் சும்மா பொழுதுபோக்காகத்தான் இதன் வரலாற்றைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க அது ஜெர்மனி, இங்கிலாந்து, ஊட்டி, பூண்டி என்று சுற்றிவிட்டு, கடைசியில் நம்ம திருவண்ணாமலை மலையடிவாரத்தில் வந்து நின்றது. எப்படி என்று சொல்கிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நம்ம ஊர் விஷயம்

இந்த விளையாட்டு நமக்குப் புதுசு இல்லை. நவராத்திரிக்குக் கொலு வைக்கிற வீடுகளில் படிக்குக் கீழே தரையில் 'பார்க்' கட்டுவார்களே, அது என்ன? மண்ணைக் கொட்டி, கேழ்வரகோ கடுகோ தூவி, நாலைந்து நாளில் முளைத்து வருவதைப் புல்வெளி என்பார்கள். செங்கல்லை அடுக்கி, பழுப்புத் தாளைக் கசக்கிப் போர்த்தினால் மலை. மலைமேல் ஒரு முருகன் கோயில். அடியில் குகை. குகைக்குள் புகுந்து வர ஒரு சாவி கொடுத்த ரயில். எல்லாம் இருக்கும்.

ஆனால் குளத்துக்கு என்ன வைப்பார்கள்? முகம் பார்க்கும் கண்ணாடி! மண் நிஜம், புல் நிஜம், ரயில்கூட நிஜமாக ஓடும். தண்ணீர் மட்டும் பொய். துணிந்து நிஜத் தண்ணீர் விடுகிற வீடுகளும் உண்டு. சலைன் டியூபை மலைக்குப் பின்னால் மறைத்து சிவன் தலையில் கங்கையைச் சொட்ட விடுவார்கள். அந்த வீடுகளில் மூன்றாம் நாள் பார்த்தால் மலை நனைந்து ஒரு பக்கம் சாய்ந்திருக்கும், கீழே ஒரு பழந்துணி கிடக்கும்.

இந்தப் பழந்துணியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கட்டுரையே அதைப் பற்றித்தான்.

1891: ஒரே வருடம், இரண்டு ரயில்கள்

ஜெர்மனியில் மேர்க்லின் என்று ஒரு பொம்மைக் கம்பெனி. அதுவரை ரயில் பொம்மை என்றால் ஒவ்வொரு கம்பெனியும் இஷ்டத்துக்கு ஒரு அளவில் செய்யும். ஒருத்தர் வண்டி இன்னொருத்தர் தண்டவாளத்தில் ஓடாது. 1891-ல் லைப்சிக் நகரச் சந்தையில் மேர்க்லின், "இனிமேல் இன்ன அளவுகள்தான்" என்று கேஜ்களுக்கு எண் கொடுத்து அறிமுகப்படுத்தியது. தண்டவாளம் தனியாக, பெட்டி தனியாக, ஸ்டேஷன் தனியாக வாங்கிச் சேர்த்துக்கொண்டே போகலாம். (வியாபார மூளையைப் பாருங்கள். ஒரு தடவை ரயில் வாங்கினவன் ஆயுசுக்கும் கஸ்டமர்!) அந்த அளவுகளில் 'கேஜ் 1' என்பது இன்றைய கணக்கில் 45 மில்லிமீட்டர். வெளியே தோட்டத்தில் ஓட்டுகிறவர்கள் இன்றைக்கும் அதிகம் பயன்படுத்துவது இந்த 45 மி.மீ. தண்டவாளத்தைத்தான்.

அதே 1891-ல்தான் நம்ம நீலகிரியில் மலை ரயில் கட்டும் வேலை தொடங்கியது. 1899-ல் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை ஓடியது. 1908-ல் ஊட்டியைத் தொட்டது. 1891-க்கும் 1908-க்கும் நடுவே 17 வருடம். தூரமோ வெறும் 46 கிலோமீட்டர். ஏன் இவ்வளவு நாள் என்பதற்குப் பிறகு வருகிறேன்.

ஒரு கணக்கு மட்டும் இங்கேயே. நீலகிரி ரயில் மீட்டர் கேஜ், அதாவது தண்டவாளங்களுக்கு நடுவே 1000 மி.மீ. அதை 22.5-ஆல் வகுத்தால் 44.4 வரும். கிட்டத்தட்ட 45! திருவண்ணாமலை வழியாகப் போன விழுப்புரம் - காட்பாடி பாதையும் அகலப்பாதையாக மாற்றப்படும்வரை ஒரு நூற்றாண்டுக்கும் மேல் மீட்டர் கேஜ்தான். ஆக 45 மி.மீ. தண்டவாளத்தில் 1:22.5 அளவில் ஒரு வண்டி செய்தால், அது அப்படியே நம் தாத்தா பாட்டி பயணம் செய்த ரயிலின் சின்ன உருவம்.

ஒரு கணக்குப்பிள்ளை கட்டிய ஊர்

இப்போது இங்கிலாந்து. நம்ம காமர்ஸ் மக்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம். ஏனென்றால் இந்தக் கதையின் ஹீரோ ரோலண்ட் காலிங்ஹாம் ஒரு அக்கவுன்டன்ட்! லண்டனில் தொழில், பீக்கன்ஸ்ஃபீல்ட் என்கிற ஊரில் வீடு. "ஒன்று இந்த பொம்மை ரயில் வீட்டை விட்டுப் போகணும், இல்லை நான் போகணும்" என்று அவர் மனைவி சொல்லிவிட்டதாக ஒரு கதை உண்டு. ரயில் தோட்டத்துக்குப் போனது.

தோட்டத்தில் அவர் சும்மா தண்டவாளம் மட்டும் போடவில்லை. தோட்டக்காரர், சமையல்காரர், கார் டிரைவர் என்று வீட்டு ஆட்கள் எல்லோரையும் சேர்த்துக்கொண்டு ஒரு முழு ஊரையே கட்டினார். நீச்சல் குளம் கடலானது. பாறைகளை அடுக்கிச் செடி வளர்த்திருந்த மேடுகள் மலைகளாயின. ரயில் பாதையை பாசெட்-லோக் என்ற பிரபல மாடல் கம்பெனி செய்து கொடுத்தது. 1929-ல் திறந்த 'பெக்கன்ஸ்காட்' இதுதான். இன்றும் இருக்கிறது, ஜனங்கள் டிக்கெட் எடுத்துப் பார்க்கிறார்கள்.

அதற்கு வந்த காசு தர்மத்துக்குப் போனது. அதைப் பார்த்துத்தான் நெதர்லாந்தில் 1952-ல் 'மதுரோடாம்' என்ற பொம்மை நகரம் வந்தது. (நம்ம மதுரைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. நாஜி முகாமில் இறந்துபோன ஜார்ஜ் மதுரோ என்ற மாணவரின் நினைவாக அவர் பெற்றோர் பணம் கொடுத்தார்கள்.) காசநோய் வந்த கல்லூரி மாணவர்களுக்கான சிகிச்சை இல்லத்துக்கு நிதி திரட்டுவதுதான் நோக்கம். பொம்மை ஊர் என்று சிரிக்கிறோம், அது எத்தனை பேருக்கு மருந்தாகியிருக்கிறது பாருங்கள்.

1968-ல் ஜெர்மனியின் நியூரம்பெர்க்கிலிருந்து எல்.ஜி.பி. என்ற பெயரில் மழையிலும் வெயிலிலும் நிற்கிற கெட்டியான ரயில்கள் வந்தன. 45 மி.மீ. கேஜ், 1:22.5 அளவு. பணக்காரரின் பொழுதுபோக்காக இருந்தது அதற்கப்புறம்தான் நடுத்தரக் குடும்பங்களின் தோட்டத்துக்கும் வந்தது. இந்தியாவில் பெரிய அளவில் பார்க்க வேண்டுமென்றால் புனேயில் ஜோஷி என்பவர் அமைத்த மினியேச்சர் ரயில் மியூசியம் இருக்கிறது, 1998-ல் திறந்தது. ஆனால் அது கூரைக்குள்.

மலை ஒரு பொய்

சரி, நம்ம மலையை 1:22.5 அளவில் செய்து பார்ப்போமா? கால்குலேட்டரை எடுங்கள்.

ராஜகோபுரம் 217 அடி, அதாவது 66 மீட்டர். மாடலில் கிட்டத்தட்ட 3 மீட்டர். பரவாயில்லை, செய்யலாம். மலை ஊரிலிருந்து பார்த்தால் 600 மீட்டருக்கு மேல் எழும்பி நிற்கிறது. மாடலில் 27 மீட்டர்! ஒன்பது மாடிக் கட்டடம். கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர், மாடலில் 622 மீட்டர். யார் வீட்டுத் தோட்டம் அவ்வளவு பெரிசு?

அதனால் மலை செய்கிறவர்கள் எல்லோருமே பொய்தான் சொல்கிறார்கள். மலையை அளவோடு செய்வதில்லை, மலை மாதிரி தோன்றச் செய்கிறார்கள். கீழே பெரிய கல், மேலே போகப் போகச் சின்னக் கல். முன்னால் பெரிய இலைச் செடி, பின்னால் பொடி இலைச் செடி. கண் ஏமாந்து தூரம் என்று நினைத்துக்கொள்ளும். பெக்கன்ஸ்காட்டிலேயே வீடுகள் ஓர் அளவு, ரயில் அதைவிடச் சின்ன அளவு. யாரும் கண்டுகொள்வதில்லை.

ரயிலைச் சின்னதாக்கலாம். மலையை ஏமாற்றலாம். மூன்றாவது ஆள்தான் மசியமாட்டார்.

தண்ணீர் ஏன் ஏமாறாது?

10 மீட்டர் உயர அருவியில் தண்ணீர் கீழே வர சுமார் 1.4 விநாடி ஆகும். அதையே 1:22.5 அளவில் செய்தால் உயரம் 44 செ.மீ. தண்ணீர் 0.3 விநாடியில் விழுந்துவிடும். புவியீர்ப்பைச் சின்னதாக்க முடியாதே! 22.5-ன் வர்க்கமூலம் 4.7. அதாவது மாடல் அருவி அந்த அளவுக்கு 'வேகமாக' ஓடுகிற சினிமா மாதிரித் தெரியும். பழைய படங்களில் மினியேச்சர் வைத்து அணை உடைகிற காட்சி எடுக்கும்போது கேமராவை வேகமாக ஓட்டிப் படம்பிடித்து, பிறகு மெதுவாகக் காட்டுவது இதனால்தான்.

துளியும் சின்னதாகாது. ஒரு மழைத்துளி 2 மி.மீ. என்று வையுங்கள். பொம்மை ஊரில் நிற்கிற பொம்மை மனிதனுக்கு அது 45 மி.மீ. உருண்டை. எலுமிச்சம்பழம் எலுமிச்சம்பழமாக வானத்திலிருந்து விழுந்தால் எப்படி இருக்கும்?

இன்னொன்றும் பாருங்கள். ஐப்பசி கார்த்திகையில் ஒரே நாளில் 5 செ.மீ. மழை பெய்வது நமக்கு ஆச்சரியம் இல்லை. பொம்மை ஊருக்கு அது 112 செ.மீ. மழை. நம்ம மாவட்டத்தில் ஒரு வருடம் முழுக்கப் பெய்கிற மழை ஏறத்தாழ அவ்வளவுதான். தோட்டத்தில் ரயில் கட்டியவர் ஒவ்வொரு பெருமழையிலும் ஒரு வருட மழையை ஒரே நாளில் சந்திக்கிறார்!

இதை விளையாட்டாக இல்லாமல் தொழிலாகவே படித்தவர்களும் உண்டு. வில்லியம் ஃப்ரூட் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் 1870-களில் நீளமான தொட்டியில் சின்னக் கப்பல்களை இழுத்துப் பார்த்து, மாடலில் தெரிவதை நிஜத்துக்கு எப்படிப் பெருக்குவது என்று கணக்கு கண்டுபிடித்தார். அந்தக் கணக்கை வைத்துத்தான் புனே அருகே கடக்வாஸ்லாவில் மத்திய அரசு நிறுவனமும், நம்ம திருவள்ளூர் மாவட்டம் பூண்டியில் தமிழக அரசின் நீரியல் ஆய்வு நிலையமும் அணை, ஆறு, முகத்துவாரம் எல்லாவற்றையும் தரையில் சின்னதாகக் கட்டி, தண்ணீர் விட்டுப் பார்க்கின்றன. நிஜ அணையில் தப்பு நடந்தால் ஊர் போய்விடும். மாடலில் நடந்தால் ஒரு பழந்துணி போதும்.

நாலு விதிகள்

தோட்டத்து மலையும் அருவியும் கட்டுகிறவர்கள் நூறு வருடமாக அடிபட்டுக் கற்றுக்கொண்டதை நாலு விதியில் அடக்கலாம்.

1. மண்ணைக் கொட்டிய உடனே மலை ஆகாது. அடுக்கு அடுக்காகப் போட்டு, ஒவ்வொரு அடுக்கையும் இடித்துக் கெட்டிப்படுத்த வேண்டும். கல்லை மேலே சும்மா வைக்கக் கூடாது. மூன்றில் ஒரு பங்காவது மண்ணுக்குள் புதைந்து, உள்பக்கமாகச் சற்றே சாய்ந்திருக்க வேண்டும். வெளிப்பக்கம் சாய்ந்த கல் என்றைக்கு இருந்தாலும் உருளும்.

2. ஓடைக்கு அடியில் தண்ணீர் புகாத ரப்பர் விரிப்பு போட்டு, அதன் ஓரங்கள் தண்ணீர் மட்டத்துக்கு மேலே இருக்கும்படி மடித்துவிட வேண்டும். கீழே ஒரு தொட்டி, அதில் பம்ப், அங்கிருந்து மறைவாக மேலே ஒரு குழாய். அதே தண்ணீர் சுற்றிச் சுற்றி வரும். தொட்டியில் தண்ணீர் வேகமாகக் குறைகிறது என்றால் வெயில் மட்டும் குடிக்கவில்லை, மலையும் குடிக்கிறது என்று அர்த்தம்.

3. தண்டவாளத்துக்கு அடியில் ஜல்லி. மழை அதில் இறங்கி ஓடிவிட வேண்டும், தேங்கக் கூடாது. இணைப்புகளில் இடைவெளியும் விட வேண்டும். 10 மீட்டர் பித்தளைத் தண்டவாளம் 40 டிகிரி சூடு ஏறினால் 7 மி.மீ.க்கு மேல் நீளும். திருவண்ணாமலை மே மாத வெயிலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

4. இதுதான் முக்கியம். பம்ப் ஏற்றுகிற தண்ணீருக்கு மட்டும் வழி செய்தால் போதாது. வானத்திலிருந்து வருகிற தண்ணீருக்கும் ஒரு வழி வைக்க வேண்டும். வருடம் முழுக்கக் காய்ந்து கிடந்தாலும் அந்த வழியை அடைக்கக் கூடாது.

நாலாவது விதி நம்ம ஆட்களுக்கு எப்பவோ தெரியும். ஏரி வெட்டியவர்கள் பாசனத்துக்கு மதகு வைத்ததோடு, ஏரி நிரம்பி வழிந்தால் போக கலிங்கும் வைத்தார்களே! மதகு தினசரிச் செலவு என்றால், கலிங்கு நம்ம அக்கவுன்ட்ஸ் பாஷையில் 'ஒதுக்கு'. வருமா வராதா என்று தெரியாத நஷ்டத்துக்கு முன்கூட்டியே எடுத்து வைப்பது. லாபமாகத் தெரிகிறதே என்று ஒதுக்கில் கைவைத்தவன் கதி என்னவென்று வகுப்பில் படித்திருக்கிறோம்.

46 கிலோமீட்டருக்கு 250 பாலம்

இப்போது நீலகிரிக்குத் திரும்புவோம். 17 வருடம் ஏன் ஆனது?

அந்தப் பாதையில் 208 வளைவு, 16 குகை, 250 பாலம். சுவிட்சர்லாந்துக்காரரான ரோமன் ஆப்ட் கண்டுபிடித்த பல்சக்கர முறையில், ஏறக்குறைய 12 அடிக்கு ஓர் அடி ஏற்றத்தில் எஞ்சின் பல்லால் கடித்துக்கொண்டு ஏறுகிறது. எல்லோரும் அந்தப் பல்சக்கரத்தைத்தான் அதிசயமாகச் சொல்வார்கள். எனக்கு அதிசயமாகப் படுவது அந்த 250. 46 கிலோமீட்டரை 250-ஆல் வகுத்தால், சராசரியாக 184 மீட்டருக்கு ஒரு பாலம்! மலையிலிருந்து இறங்குகிற ஒவ்வொரு சின்ன ஓடைக்கும், கோடையில் சொட்டுத் தண்ணீர்கூட இல்லாத பள்ளத்துக்கும், "நீ இந்த வழியாகப் போய்க்கொள்" என்று விட்டுக்கொடுத்துக் கட்டியிருக்கிறார்கள். மலையைக் குடைந்தவர்கள் தண்ணீரிடம் மட்டும் வம்பு வைத்துக்கொள்ளவில்லை.

அப்படியும் 2009 நவம்பரில் பெய்த மழையில் நீலகிரி முழுக்க மண் சரிந்தது. 40 பேருக்கு மேல் இறந்தார்கள். ரயில் பாதை பல இடங்களில் அடித்துப் போய், வண்டி மாதக்கணக்கில் ஓடவில்லை. 250 பாலம் வைத்த இடத்திலேயே இந்தக் கதி.

பாலமே வைக்காத இடத்தில்?

நம்ம மலை

2024 டிசம்பர் 1. ஃபெஞ்சல் புயல் மழை. அன்று மாலை நம்ம மலையிலிருந்து மண்ணும் பாறையும் சரிந்து வ.உ.சி. நகரில் வீடுகள்மேல் விழுந்தது. 7 பேர் இறந்தார்கள். அதில் 5 பேர் குழந்தைகள். அது நடந்து அடுத்த இரண்டு மூன்று நாள் ஊர் எப்படி இருந்தது என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டாம். வெளியூர் நண்பர்கள் டி.வி.யில் பார்த்திருப்பீர்கள்.

அங்கே வீடு கட்டியவர்களைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. சரிவில் யாரும் ஆசைப்பட்டுக் குடியேறுவதில்லை. ஊருக்குள் மனை விலை எவ்வளவு என்று தெரிந்தவர்களுக்கு, ஜனங்கள் ஏன் மேலே மேலே ஏறிப் போகிறார்கள் என்பதும் தெரியும். நான் சொல்ல வந்தது வேறு.

நாம் இந்த மலையைச் சாமியாகப் பார்க்கிறோம். பௌர்ணமிக்குப் பௌர்ணமி லட்சக்கணக்கான பேர் சுற்றி வருகிறார்கள். கார்த்திகை தீபத்தன்று உச்சியைப் பார்த்துக் கைகூப்புகிறோம். ஆனால் அந்த மலையிலிருந்து தண்ணீர் எந்தெந்த வழியாக இறங்குகிறது என்று கேட்டால் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? மலையைச் சுற்றி இத்தனை குளங்களை வெட்டியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. தண்ணீர் இறங்குகிற இடம் பார்த்துத்தான் குளம் வெட்டியிருக்கிறார்கள். ஓடை, வாய்க்கால், குளம், வழிந்தால் அடுத்த குளம். மலைக்கான மதகும் கலிங்கும் அவைதான்.

பத்து வருடம் காய்ந்து கிடக்கிற ஓடை நம் கண்ணுக்கு மனையாகத் தெரிகிறது. தண்ணீருக்கு அது எப்போதும் வழிதான். நாம் ஊரை எவ்வளவு நெருக்கி, எவ்வளவு சின்னச் சின்னத் துண்டாகப் பிரித்தாலும் மழை தன் அளவை மாற்றிக்கொள்ளாது. சலைன் டியூப் வைத்து மலை கட்டிய வீட்டில் மூன்றாம் நாள் நடப்பதும் இதுதான். அங்கே துடைக்க ஒரு பழந்துணி இருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

நம்ம ஊர்ப் பள்ளிகள் ஒன்று செய்யலாம் என்று எனக்கு ஓர் ஆசை. சயின்ஸ் எக்ஸிபிஷனுக்கு வருடா வருடம் எரிமலை செய்கிறோம் (தமிழ்நாட்டில் எங்கே எரிமலை?). அதற்குப் பதில் பள்ளி மைதானத்தின் ஒரு மூலையில் மண்ணால் அண்ணாமலையைச் செய்யட்டும். ஓடைகளை நிஜத்தில் இருக்கிற இடத்திலேயே கீறட்டும். குளங்களை வெட்டட்டும். தெருக்களை வைக்கட்டும். ஆசைக்கு ஒரு பொம்மை ரயிலும் சுற்றட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை :) பிறகு பூவாளியில் தண்ணீர் எடுத்து உச்சியில் ஊற்றட்டும். எந்தத் தெருவுக்குத் தண்ணீர் முதலில் வருகிறது, எந்த ஓடையை அடைத்தால் எந்த வீடு நனைகிறது என்று பத்து வயசுப் பையன்கூட ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுவான். செலவு என்று பார்த்தால் ஒரு வண்டி மண்.

அதுவரைக்கும், அடுத்த மழை விட்டதும் கிரிவலப் பாதையில் ஒரு நடை போய்ப் பாருங்கள். இந்தத் தடவை மலை உச்சியைப் பார்க்காமல் காலடியைப் பாருங்கள். தண்ணீர் எங்கே ரோட்டைக் கடக்கிறது, எங்கே கடக்க முடியாமல் நிற்கிறது என்று தெரியும். நிற்கிற இடங்களைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பாலம் வைக்க வேண்டிய இடங்கள் அவைதான்.